பின்னால் நிற்கிற வினை

வாங்க என் கண்ணுகளா, கிட்ட வாங்க. ஹீட்டர் பக்கம் இடம் இருக்கிறது, ஈரக் காலுறையைக் கழற்றிக் காயப் போட்டுவிட்டு உட்காருங்க. உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். நன்றாகப் பேசத் தெரிந்தும் பேச முடியாமல் மாட்டிக்கொண்ட ஒருத்தியின் கதை. நடுவில் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம், தாராளமாகச் சிரியுங்க. எங்கள் ஜனங்களைப் பற்றிச் சொல்லும்போது சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

எங்கள் ஜனங்கள் என்றால் கிளிங்கான் பேசுகிறவர்கள். ஒரு தொலைக்காட்சித் தொடரில் வரும் போர்க்குடிகளுக்காக ஒருவர் உட்கார்ந்து செய்துகொடுத்த மொழி அது. அதைப் பேசுகிற நாங்கள் வருஷத்துக்கு ஒருதரம், நவம்பரில், ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் ஊரில் ஒரு விடுதியை வாடகைக்கு எடுத்துக் கூடுவோம். வெளியே மழை. உள்ளே லீக் என்கிற வெங்காயத்தண்டும் உருளைக்கிழங்கும் வதங்குகிற வாசனை. மாடிப்படியெங்கும் தொண்டையைக் காறுகிற சத்தம், எங்கள் மொழி அப்படித்தான் ஒலிக்கும்.

அங்கேதான் எனிக்கோவும் வோல்க்மாரும் முதலில் சந்தித்தார்கள். எனிக்கோ ஹங்கேரியில் செகெட் ஊர்க்காரி, அப்போது ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. அவன் இந்த ஊர் டிராம் பணிமனையில் மின்கம்பி வேலை பார்க்கிறவன், ஹங்கேரியன் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது கிளிங்கான் ஒன்றுதான். அதிலேயே சண்டை போட்டார்கள், அதிலேயே சமாதானமானார்கள், அதிலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். 'நம்ம வீட்டில் வேறு மொழி நுழையாது' என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சபதம் செய்தார்கள். நாங்கள் மேசையைக் குத்திக் குத்தி ஆரவாரம் செய்தோம். பொம்மை மொழி என்று எங்களைக் கேலி செய்கிற உலகத்துக்கு அவர்கள் வீடு பதில் சொல்கிறது என்று எங்களுக்குப் பெருமை.

வோல்க்மாருக்கு ஜெர்மனில் திக்கும். சின்ன வயசிலிருந்தே திக்கும். ரொட்டிக் கடையில் தன் பேரைச் சொல்ல நின்றால் வரிசை வாசல் வரைக்கும் போய்விடும். ஆனால் கிளிங்கானில் அவன் நாக்கு வெண்ணெய்மேல் போகிற கத்தி. ஒரு இடத்தில்கூட நிற்காது. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

நான் சொல்லப்போகிற வருஷம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், நானும் எனிக்கோவும் விடுதிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். அதற்குள் அவளுக்கு ஜெர்மன் நன்றாக வந்துவிட்டது, ரொட்டி அடுமனையில் வேலை பார்த்துப் பழகிக்கொண்டாள்.

"ரோஸ்வித்தா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஞாயித்துக்கிழமை நான் செகெட்டுக்கு ரயில் ஏறுறேன். அக்கா ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கா."

"ஊருக்குப் போய்ட்டு வர்றதுதானே, நல்லதுதான்."

"திரும்பி வர்ற டிக்கெட் எடுக்கல."

என் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது. "அடிச்சானா?"

"அவரா? எறும்பை மிதிச்சாக்கூட நின்னு மன்னிப்புக் கேக்கிற ஆளு. அதெல்லாம் இல்ல." அவள் ஒரு கிழங்கை உரித்ததையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள். "மூச்சு முட்டுது. வசந்தத்துல எங்கம்மா வீட்டை வித்தாங்க, தெரியுமில்ல? அன்னிக்கு அடுப்படில நின்னுக்கிட்டு அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு தவிச்சேன். அந்த வீட்டு அலமாரில மிளகாய்த்தூள் வாசனை வரும். அதை நெனைச்சா இங்க, நெஞ்சுக்குக் கீழ, ஒண்ணு புடிச்சு இழுக்கும். எங்க மொழில அதுக்கு ஒரு சொல் இருக்கு. கிளிங்கான்ல இல்ல. ஜெர்மன்ல சொல்ல ஆரம்பிச்சேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'அந்தச் சொல் இன்னும் வரல. நான் கேட்டு வாங்கித் தர்றேன். நவம்பர்ல வரும்.'"

கேட்கிற உங்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். எங்களுக்கு அப்படித் தோன்றாது. எங்களில் யாரும் சொந்தமாகச் சொல் உண்டாக்கக் கூடாது, அது கட்டுப்பாடு. இல்லாத சொல்லைக் கேட்டு அனுப்புவோம், மொழியைச் செய்தவரிடமிருந்து நவம்பரில் பதில் வரும். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம். வோல்க்மார் அவள் துக்கத்துக்குச் சொல் கேட்டு அனுப்பினான். மற்ற புருஷன்மார் பூங்கொத்து வாங்குவது மாதிரி அதைச் செய்தான். கோடைகாலம் முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு 'நவம்பர், நவம்பர்' என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம், ஜெர்மன்லயே பேசுன்னு சொல்லிப் பாக்கறதுதானே?" என்றேன்.

"எப்படிச் சொல்றது? ஜெர்மன்னு வந்தா அவர் நாக்கு கதவிடுக்குல மாட்டின விரல் மாதிரி துடிக்கும். அதைப் பாத்திருக்கீங்களா? அந்த மனுஷனை அங்க வான்னு கூப்பிட எனக்கு மனசு வரல. இங்கயே இருக்கவும் முடியல. அவர்கிட்ட எப்படிச் சொல்வேன்னு நூறு தடவை நெனைச்சுட்டேன். கிளிங்கான்ல 'போறேன்'னு சொல்றது சுலபம், ஒரே சொல்லுதான். ஏன்னு சொல்றதுக்குத்தான் வழியே இல்ல."

சாப்பாடு முடிந்ததும் நூல் கட்டுகிற வழக்கம். சிவப்பு நூலை ஒருத்தர் கையில் ஒருத்தர் கட்டிவிடுவார்கள். கட்டிக்கொண்டவர் ஞாயிறு மத்தியானம் பிரிகிறபோது பாடுகிற பாட்டு முடிகிறவரைக்கும் வேறு மொழி பேசக் கூடாது. மீறினால் தண்டனை ஒன்றும் இல்லை, நூலை அவிழ்த்து எல்லோர் கண்ணெதிரேயும் மேசையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. சமையலறையில் கத்த வேண்டியிருப்பதால் நான் கட்டிக்கொள்வதில்லை. விடுதிக்காரர்களோடும் புதியவர்களோடும் பேச ஆள் வேண்டும் என்பதால் யோஸ்ட்டும் கட்டிக்கொள்வதில்லை. யோஸ்ட் எங்கள் கூட்டத்தை நடத்துகிறவன். இறைச்சிக் கடை வைத்திருக்கிறான், அந்தப் போர்க்குடிகள் மாதிரி ரப்பர் நெற்றியை மாட்டிக்கொண்டு திரிவான், வாய் மூடாது.

எனிக்கோ அந்த வருஷம் நூல் வேண்டாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் வோல்க்மார் நூலை நீட்டிக்கொண்டு நின்றான். சுற்றிலும் கைபேசிகள் படம் எடுக்கத் தயாராக இருந்தன.

"ஏய் வோல்க்மார், இறுக்கிக் கட்டுடா! உன்னைவிட உன் பொண்டாட்டி அழகாக் காறித் துப்புறா, ஓடிப்போய்டப் போறா!" என்று யோஸ்ட் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையை நீட்டினாள். நான் பாத்திரத்தைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பெரிய அறையில் அவர்களுடைய பாடம். புதியவர்களுக்கு வருஷா வருஷம் அவர்கள் இருவரும்தான் அதை நடத்துவார்கள், நாடகம் மாதிரி. யோஸ்ட் பக்கத்தில் நின்று ஜெர்மனில் விளக்குவான். அறையில் ஜன்னல்கள் நாலு விரல் அகலத்துக்குமேல் திறக்காது, பிள்ளைகள் விழாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். நாற்காலிகள் சுவர்வரைக்கும் நெருக்கியிருந்தன. நான் காப்பித் தட்டோடு கதவருகே நின்றேன்.

"கேளுங்க மக்களே," என்றான் யோஸ்ட். "நம்ம மொழியில 'பெரிய', 'சிவந்த', 'களைத்த'ன்னு பொருளுக்கு ஒட்டி வைக்கிற சொல்லுன்னு தனியா ஒரு இனம் கிடையாது. எல்லாம் வினை. ஓடுறது, வெட்டுறது மாதிரியே பெரிசா இருக்கிறதும் ஒரு வேலை. மலை சும்மா குந்தியிருக்குன்னு நெனைக்காதீங்க. பெரிசா இருக்கிற வேலையை ராத்திரி பகலாப் பாத்துக்கிட்டிருக்கு, சம்பளமில்லாம."

வோல்க்மார் கழுத்தில் 'மனிதன்' என்று எழுதிய அட்டை. எனிக்கோ கழுத்தில் 'களைத்திரு'. அவள் அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"முன்னால நிக்கிறா. அப்ப இது முழு வாக்கியம். 'மனிதன் களைத்திருக்கிறான்.' இப்ப இவளுக்கு எல்லா அதிகாரமும் உண்டு. நான், நீன்னு ஒட்டிக்கலாம். 'களைக்க ஆரம்பிச்சான்'னு மாத்திக்கலாம். இப்ப பாருங்க."

அவள் நடந்து அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். அவன் உயரம். அவள் அட்டையும் முகமும் மறைந்துபோயின.

"'களைத்த மனிதன்.' அதே சொல்தான், ஒரு எழுத்து மாறல. ஆனா பின்னால போனதும் ஒட்டெல்லாம் உதிர்ந்துபோச்சு. நான் கிடையாது, நீ கிடையாது, ஆரம்பம் கிடையாது, முடிவு கிடையாது. 'ரொம்ப', 'இல்ல', இந்த மாதிரி ஒண்ணு ரெண்டுதான் மிச்சம்."

பின்வரிசையில் ஒரு ஆள், "எங்க வீட்டுல நான் அதுகூடச் சொல்ல முடியாதே!" என்றார். அறை குலுங்கியது.

"இன்னொண்ணு இருக்கு. 'களைத்த மனிதனுக்காக'ன்னு சொல்லணும்னா, அந்த 'ஆக' மனிதன் மேல ஒட்டணுமில்லையா? ஒட்டாது! பின்னால நிக்கிறவ தலையிலதான் ஏறும்."

இந்த இடத்தில் வோல்க்மார் தன் முதுகுப்பையைக் கழற்றி எனிக்கோவின் தோளில் மாட்டுவான். உள்ளே அகராதிகளைத் திணித்து வைத்திருப்பான். அவள் முழங்கால் மடங்கித் தள்ளாடுவாள், கண்ணை உருட்டுவாள், ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வருஷா வருஷம் நடப்பது.

அன்று அவள் தள்ளாடவில்லை. பையைச் சுமந்துகொண்டு நேராக நின்றாள். சிரிப்பு அங்கங்கே கிளம்பி அங்கங்கே அடங்கியது. வோல்க்மார் திரும்பிப் பார்த்தான். தள்ளாடு என்று கையால் ஜாடை காட்டினான். அவள் நின்றபடியே நின்றாள்.

ஒரு புதிய பெண்மணி கை தூக்கினாள். "பின்னால நிக்கிறவ முன்னால வரணும்னா என்ன செய்யணும்?"

யோஸ்ட் கிளிங்கானில் கேட்டு வோல்க்மாரின் பதிலை வாங்கிச் சொன்னான்: "நடந்து வர வேண்டியதுதான். ஆனா அப்ப அது வேற வாக்கியம்."

எனிக்கோ பையை மெதுவாகத் தரையில் இறக்கினாள். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் நிற்கவில்லை. பக்கவாட்டில் நடந்து கதவைத் தாண்டி, என்னைத் தாண்டி, நடைவழிக்குப் போனாள். யோஸ்ட், "களைத்தவள் காப்பி குடிக்கப் போறா!" என்று சமாளித்தான்.

நான் பின்னாலேயே போனேன். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். வாய் திறந்தது. மணிக்கட்டு நூலைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். அதற்குள் ஒரு ஜோடி வந்து, "உங்களோட ஒரு படம் எடுத்துக்கலாமா? உங்களைப் பாத்துத்தான் நாங்க கத்துக்கவே ஆரம்பிச்சோம்," என்று இருபுறமும் ஒட்டிக்கொண்டார்கள். அவள் பல்லைக் காட்டி உறுமினாள், படத்துக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். அடுத்து இன்னொருவர் வந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளை நேசிக்கிற ஜனங்கள். தப்பித்துப் போக ஒரு விரோதிகூட அங்கே இல்லை.

மத்தியானத்துக்குமேல் புதிய சொற்களை வாசிக்கிற நேரம். எங்கள் கூட்டத்தில் அதைவிடப் பெரிய நேரம் கிடையாது. எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். எனிக்கோவை நடுவரிசையில், வோல்க்மாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். எழுந்து போக வேண்டுமென்றால் பத்துப்பேர் முழங்காலைத் தாண்ட வேண்டும்.

யோஸ்ட் பதில்களை ஒவ்வொன்றாக வாசித்தான். கதவிடுக்கில் விரல் நசுங்குவதற்கு ஒரு சொல் வந்திருந்தது. கைதட்டல். அடுத்தவன் தட்டிலிருந்து திருடித் தின்பதற்கு ஒரு வினை. மேசைகள் அதிர்ந்தன. பத்துத் தரம் திரும்பத் திரும்ப உச்சரித்துப் பார்த்தார்கள்.

"அடுத்தது நம்ம வோல்க்மார் கேட்டது. பிறந்த இடத்தை நெனைச்சு நெஞ்சு இழுக்கிறதுக்கு ஒரு சொல்."

வோல்க்மார் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், கண்ணுகளா. பரிசை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிற முகம். எனிக்கோவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

யோஸ்ட் வாசித்தான்: "'அந்த மக்களிடம் இதற்குத் தனிச் சொல் இல்லை. இப்படி உணர்கிற ஒருவர் அதைப் பற்றிப் பேசமாட்டார். எழுந்து கிளம்பிவிடுவார்.'"

ஆரவாரமான ஆரவாரம். போர்க்குடி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! மேசையைக் குத்தினார்கள், காலை உதைத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் வோல்க்மார் தன் மனைவியைப் பார்த்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தில் அந்த வெளிச்சம் அணைந்துபோனது.

கிளிங்கானில்தான் கேட்டான். ஒரே சொல். "கிளம்புறியா?"

"கிளம்புறேன்."

"எப்போ?"

"நாளைக்கு."

பக்கத்தில் இருந்தவர்கள் சத்தத்தை நிறுத்தினார்கள். அடுத்த வரிசையும் நின்றது. அறை முழுக்க அடங்கிவிட்டது.

"ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள். நான் கதவருகே நின்று பார்த்தேன். வார்த்தை தேடுகிற வாய் இல்லை அது. வார்த்தை இல்லாத ஒரு கிணற்றுக்குள் விழுந்து, மேலே பார்க்கிற வாய். தலையை மட்டும் ஆட்டினாள். "இதுல முடியாது," என்றாள், அதிலேயே.

வோல்க்மார் எழுந்தான். தன் மணிக்கட்டு நூலைப் பிய்க்கப் பார்த்தான். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து அறுத்தான். மேசைவரைக்கும் போக வழியில்லை, முன்னால் உட்கார்ந்தவரின் கையில் கொடுத்தான். அவர் அதை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

"அ... அ... அப்போ..." ஜெர்மனில். எங்களில் பலபேர் அவன் ஜெர்மன் பேசிக் கேட்டதே இல்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண் இறுக மூடிக்கொண்டது. "அப்போ இ... இ..."

"இதுல சொல்லுன்றார்," என்றான் யோஸ்ட், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

"வாயை மூடு யோஸ்ட்," என்றாள் எனிக்கோ. அவள் நூல் கையிலேயே இருந்தது, வார்த்தை ஜெர்மனில் வந்தது. "அவர் முடிக்கட்டும்."

காத்திருந்தோம். மழை ஜன்னலில் அடித்தது. யாரோ இரும ஆரம்பித்துக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இ... இதுல சொ... சொல்லு. நா... நான் கே... கேக்கறேன்."

அவள் சொன்னாள். அத்தனைபேர் முன்னால் சொல்ல வேண்டிய பேச்சில்லை, ஆனால் அவளுக்கு வேறு இடம் எங்கே இருந்தது? அம்மா வீட்டு அலமாரியைப் பற்றிச் சொன்னாள். விற்ற அன்று அக்கா தொலைபேசியை அந்த அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிக் காட்டியதைச் சொன்னாள், அந்தச் சத்தத்தை மட்டுமாவது கேட்கட்டும் என்று. "அதைக் கேட்டுட்டு உன்கிட்ட ஓடி வந்தேன். நீ நவம்பர்ன்னே. வோல்க்மார், நம்ம வீட்டுல எனக்கு கத்தி இருக்கு, வெற்றி இருக்கு, கௌரவம் இருக்கு. அழறதுக்கு ஒரு மூலை இல்ல. உன் நாக்கு இங்க மாட்டிக்கும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கவே இல்ல. என் நாக்கு அங்க மாட்டிக்கிட்டது உனக்குத் தெரியலயா?"

"தெ... தெரியும்."

அவள் எதிர்பார்த்த பதில் அது இல்லை.

"தெ... தெரிஞ்சுதான்... ப... பயந்தேன். இ... இங்க வந்தா... நா... நான் யாருன்னு... நீ பா... பாத்துடுவே."

"முட்டாள்," என்றாள் எனிக்கோ. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. "உன்னை ரொட்டிக் கடைல பாத்ததில்லயா நான்? வரிசையில மூணாவது ஆளா நின்னேன். நீ திரும்பிப் பாக்கல."

நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள், அவள் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டாள் என்று சொல்லிவிட்டுக் காப்பி ஊற்றப் போகலாம். அப்படி நடக்கவில்லை. "நாளைக்கு நான் போறேன்தான்," என்றாள் அவள். "நீ ஒரு நாள் பேசினதுக்காக இருந்துட்டா, நாளன்னிக்கு மறுபடி மூச்சு முட்டும்."

அவன் ரொம்ப நேரம் முயற்சி செய்தான். கடைசியில் வந்தது: "ஃபோ... ஃபோன் ப... பண்ணவா?"

டிராம் பணிமனைக்குக்கூட அவன் தொலைபேசியில் பேசமாட்டான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். உடம்பு சரியில்லை என்றால் நடந்து போய்த்தான் சொல்வான்.

"பண்ணு," என்றாள்.

ஞாயிறு ரயிலில் போனாள். அவன் பணிமனையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் அந்தக் குளிர்காலம் முழுக்க ஆற்றுப்பாலத்தில் நின்று பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். காதோரம் கைபேசி, மூச்சு புகையாகப் போகும், வார்த்தை வராது. கடந்துபோகிறவர்கள் அவன் ஊமை என்று நினைத்திருப்பார்கள். மறுமுனையில் அவள் குறுக்கே பேசாமல் இருப்பாளாம். "சில நாள் ஒரு வாக்கியத்துக்குள்ள பாதி காய்கறி நறுக்கிடுவேன்," என்று அவளே எனக்குச் சொன்னாள்.

ஈஸ்டர் சமயத்தில் திரும்பி வந்தாள். ஆனால் அந்த வீட்டுக்கு வரவில்லை. அடுமனைக்கு மேலே ஒரு அறை எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் அவன் படியேறிப் போவான். அன்றைய நாளை ஜெர்மனில் சொல்வான். எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சொல்வான். அவளுக்குத் தோன்றினால் ஹங்கேரியனில் பதில் சொல்வாள், தோன்றினால் கிளிங்கானில் திட்டுவாள். அதில் திட்டுவதற்கு வேண்டிய சொல் நிறைய இருக்கிறது. எங்கள் ஜனங்களில் சிலர் இன்னும் என்னைக் கேட்கிறார்கள், அவங்க சேந்துட்டாங்களா பிரிஞ்சுட்டாங்களா என்று. அதற்கும் சொல் கேட்டு அனுப்பப் போகிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

போய்த் தூங்குங்க என் செல்லங்களா, காலுறை காய்ந்திருக்கும். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் எந்த மொழி வந்து நின்றாலும் அதற்கு ஒரு நாற்காலி கிடைக்கட்டும். உங்களில் யாருக்காவது ஒருநாள் வார்த்தை தொண்டையில் நின்றுவிட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவர் அதை முடித்துக்கொடுக்காமல், எழுந்தும் போகாமல், பொறுமையாகக் காத்திருக்கிறவராக இருக்கட்டும்.